உள்ளங்கை அளவுப் பிடிமானம்

நுழையும்முன்

வீட்டு வாசலில் நிற்கும் இருசக்கர வண்டியை நாள்தோறும் காண்கிறோம். அதன் நிறத்தையும் வேகத்தையும் எழுப்பும் ஓசையையும் பற்றி ஓயாது பேசுகிறோம். ஆனால், அவ்வண்டியில் தரையைத் தொடுவது எது என்று எண்ணிப்பார்ப்பவர் சிலரே. எஞ்சின் எவ்வளவு ஆற்றல் மிக்கதாயினும், பிரேக் எவ்வளவு நுட்பமானதாயினும், அவற்றின் பயன் முழுவதும் இரண்டு டயர்களின் வழியாகவே சாலையைச் சேர்கிறது. டயர் ஏன் தேய்கிறது, எப்படித் தேய்கிறது, புதிய டயரை ஏன் பழக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இரும்புப் பட்டையிலிருந்து காற்றடைத்த டயர் வரை

மாட்டுவண்டிச் சக்கரத்தைச் செய்த நம் தச்சர்கள் குடம், ஆரக்கால், வட்டை எனப் பகுத்து மரத்தை இழைத்தனர். மரம் மட்டும் தரையில் உருண்டால் விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே, கொல்லர் இரும்புப் பட்டையை நெருப்பில் காய்ச்சி விரியச் செய்து, சக்கரத்தின்மேல் பொருத்தி, நீரூற்றிக் குளிர்வித்தார். குளிர்ந்த இரும்பு சுருங்கி மரத்தை இறுகப் பற்றியது. தேய்வைத் தாங்குவதற்கென்று சக்கரத்திற்கு ஒரு மேலுறை வேண்டும் என்னும் அறிவு அன்றே இருந்தது.

1885ஆம் ஆண்டு ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் உருவாக்கிய முதல் மோட்டார் சைக்கிளும் மரச்சக்கரத்தில் இரும்புப் பட்டையோடுதான் ஓடியது. தேய்வைத் தாங்கிய இரும்பு, அதிர்வைத் தாங்கவில்லை. தேய்வையும் அதிர்வையும் ஒருங்கே தாங்கும் பொருளாக ரப்பர் வந்து சேர்ந்தது.

இயற்கை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதனோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் உறுதிபெறும் என்பதை அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல் காற்றடைத்த சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் அது பரவவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர மிதிவண்டிக்காகக் காற்றடைத்த டயரை உருவாக்கினார். தாம்சனின் முயற்சி முன்னரே பதிவாகியிருந்ததால் டன்லப்பின் காப்புரிமை பின்னர்ச் செல்லாததாயிற்று. எனினும், காற்றடைத்த டயர் உலகெங்கும் பரவியது டன்லப்பிற்குப் பிறகே.

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டிற்கும் இடமுண்டு. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்ட ரப்பர் விதைகளின் நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. தெற்காசியாவில் வேரூன்றிய ரப்பர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் முதன்மையான பணப்பயிர்களுள் ஒன்று. 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யும் சிறு தொழிலகமாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், பின்னாளில் டயர் உற்பத்தியில் முன்னணி பெற்றது.

தெரியுமா?
ரப்பரின் இயல்பான நிறம் கருமை அன்று. தொடக்கக் கால டயர்கள் வெளிர்நிறத்திலேயே இருந்தன. 1898இல் அறிமுகமான மிச்சலின் நிறுவனத்தின் சின்னம், டயர்களை அடுக்கினாற்போன்ற வெள்ளை மனித உருவமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. ரப்பரோடு நுண்ணிய கரித்தூளைச் சேர்த்தால் அது தேய்வைப் பன்மடங்கு தாங்கும் என்று அறிந்த பிறகே டயர்கள் கருநிறம் பெற்றன.

உள்ளங்கை அளவு

வண்டியின் எடை 130 கிலோ, ஓட்டுபவரின் எடை 70 கிலோ எனக் கொள்வோம். மொத்தம் 200 கிலோ. டயரில் காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 2 கிலோ. எடையை அழுத்தத்தால் வகுத்தால் 100 சதுர செ.மீ. கிடைக்கும். இதுவே இரண்டு டயர்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு. அதாவது, ஒரு டயருக்கு ஏறத்தாழ 7 செ.மீ. நீளமும் 7 செ.மீ. அகலமும் கொண்ட ஓர் உள்ளங்கை அளவு. வண்டி முன்னே செல்வதும், வளைவில் திரும்புவதும், பிரேக் பிடித்தவுடன் நிற்பதும் இச்சிறு பரப்பை நம்பியே நிகழ்கின்றன.

இப்பரப்பு சாலையை இரண்டு வகையில் பற்றுகிறது. முதலாவது, ஒட்டும் பண்பு. ரப்பரின் மேற்பரப்பு சாலைக் கற்களின் பரப்போடு மிக நெருங்கி, மூலக்கூறு அளவில் ஈர்ப்புக் கொள்கிறது. இரண்டாவது, நெகிழ்ந்து மீளும் பண்பு. சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் புகுந்து அழுந்துகிறது. அழுந்திய ரப்பர் உடனே முழுமையாக மீள்வதில்லை. சற்றுத் தாமதித்தே மீள்கிறது. அத்தாமதத்தில் இழக்கப்படும் ஆற்றல் வழுக்குதலைத் தடுக்கிறது, வெப்பமாகவும் மாறுகிறது. ஓடி வந்த வண்டியின் டயரைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருப்பதன் காரணம் இதுவே.

மகிழுந்தின் டயர் குறுக்குவெட்டில் ஏறத்தாழத் தட்டையானது. மோட்டார் சைக்கிளின் டயரோ வில்போல் வளைந்தது. வளைவில் வண்டி சாய்ந்தே திரும்ப வேண்டும் என்பதால் சாயும்போதும் ஓர் உள்ளங்கைப் பரப்பு தரையில் இருக்கும்படி அது வடிவமைக்கப்பட்டுள்ளது. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் திரும்பும் வண்டி, இயற்பியல் கணக்கின்படி ஏறத்தாழ 27 பாகை சாய வேண்டும். அப்போது தரையைத் தொடுவது டயரின் நடுப்பகுதி அன்று, அதன் தோள்பகுதியே.

வரிப்பள்ளங்கள் எதற்காக?

டயரின் மேல் காணப்படும் வரிப்பள்ளங்களே பிடிமானத்தைத் தருகின்றன என்று பலர் கருதுகின்றனர். உலர்ந்த சாலையில் பிடிமானம் தருவது பள்ளம் அன்று, ரப்பரே. பந்தயக் களத்தில் உலர்ந்த பாதைக்குப் பள்ளமே இல்லாத வழவழப்பான டயர்களைப் பயன்படுத்துவதை நினைவில் கொள்க. பள்ளங்களின் தலையாய பணி மழைநீரை வெளியேற்றுவதாகும். தேங்கிய நீரின்மேல் விரைந்து செல்லும்போது, டயருக்கும் சாலைக்கும் இடையில் உள்ள நீர் விலக வழி வேண்டும். வழியில்லையேல் டயர் நீர்ப்படலத்தின் மீது மிதக்கும். மிதக்கும் டயருக்குத் திருப்பவும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது.

அப்படியானால், தேய்ந்து மழமழப்பான 'மொட்டை டயர்' உலர்ந்த சாலையில் நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதன்று. பந்தய டயர் இளகிய புதிய ரப்பரால் ஆனது. சில மணி நேர ஓட்டத்திற்குள் கழற்றி எறியப்படுவது. மொட்டை டயரில் எஞ்சியிருப்பதோ பல கோடைகளைக் கண்டு இறுகிய மெல்லிய படலம். ஆணி எளிதில் தைக்கும். எதிர்பாராத மழை ஒன்றே அதன் குறையைக் காட்டப் போதுமானது.

தேய்வின் கணக்கு

'100/90-18' என்னும் அளவுள்ள டயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் அகலம் 100 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 90 விழுக்காடு, அதாவது 90 மி.மீ.; அது பொருந்தும் ரிம்மின் விட்டம் 18 அங்குலம். இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர் எனக் கிடைக்கும்.

இந்த டயர் 20,000 கி.மீ. ஓடி 5 மி.மீ. தேய்ந்தது எனக் கொள்வோம். 20,000 கி.மீ. என்பது 2 கோடி மீட்டர். ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் எனில் டயர் 1 கோடி முறை சுற்றியுள்ளது. 5 மி.மீட்டரை 1 கோடியால் வகுத்தால், ஒரு சுற்றில் தேய்வது அரை நானோமீட்டர். நீர் மூலக்கூறு ஒன்றின் குறுக்களவே ஏறத்தாழ 0.3 நானோமீட்டர். எனவே, ஒரு சுற்றில் டயர் இழப்பது ஓரிரு மூலக்கூறு அளவே. கண்ணுக்குப் புலப்படாத இவ்விழப்பு கோடி முறை நிகழும்போது உயிருக்கு இடராகிறது.

இது சராசரிக் கணக்கு. உண்மையில் டயர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. பிரேக்கை ஓங்கி மிதித்துச் சக்கரம் சுழலாமல் இழுபட்டால், ஒரே இடம் தரையில் உரசித் தட்டையாகிறது. அவ்விடத்தில் ஒரு மி.மீ. தேய்ந்துவிட்டாலும் 4,000 கி.மீ. ஓட்டத்தின் தேய்வு ஒரு நொடியில் நிகழ்ந்ததாகப் பொருள். நண்பர்கள் முன் சக்கரத்தைத் தேய்த்துப் புகை எழுப்பும் இளைஞர் செலவிடுவது தம் டயரின் ஆயுளையே.

தேய்வு சொல்லும் செய்தி

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல, தேர்ந்த மெக்கானிக் டயரின் தேய்வைப் பார்த்தே வண்டியின் நிலையைக் கூறுவார்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால், காற்று மிகுதியாக அடிக்கப்பட்டிருக்கலாம். அல்லது வண்டி பெரும்பாலும் நேர்ச்சாலையிலேயே ஓடியிருக்கலாம். இருபுறத் தோள்களும் தேய்ந்திருந்தால் காற்றழுத்தம் குறைவு என்பது பொருள். அழுத்தம் குறைந்த டயர் அளவுக்கு மீறி நெகிழ்கிறது. நெகிழ்வு வெப்பத்தை உண்டாக்குகிறது. சித்திரை வெயிலில் கொதிக்கும் சாலையில் இவ்வெப்பமும் சேர்ந்தால் டயர் உள்ளிருந்தே பழுதாகும். முன் டயரில் அலையலையாகப் பள்ளம் விழுந்திருந்தால் அதிர்வு தாங்கியையும் சக்கரச் சமநிலையையும் ஆராய வேண்டும். பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றினால் அது முதுமையின் அடையாளம். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை மெல்ல இறுகச் செய்கின்றன. நிழலில் நின்ற வண்டியின் டயரும் ஆண்டுகள் செல்லச் செல்ல மூப்படையும்.

இவற்றுள் நடுத்தேய்வைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. நான்குவழிச் சாலையில் நாள்தோறும் பணிக்குச் சென்று திரும்பும் ஒருவரது வண்டியை எண்ணிப்பார்ப்போம். அதன் பின் டயர் நடுவில் தட்டையாகிவிட்டது. விடுமுறை நாளில் அவர் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் புறப்படுகிறார். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வில்போல் வளைந்திருந்த டயர் சீராகச் சாயும். தட்டையான டயரோ முதலில் சாய மறுக்கும். பின்னர்த் தட்டையின் விளிம்பைக் கடந்ததும் சட்டென்று சரியும். ஓட்டுபவர் எதிர்பாராத அச்சரிவு வளைவின் நடுவில் நிகழ்கிறது. நேர்ச்சாலையில் மறைந்திருந்த குறை மலைச்சாலையில் வெளிப்படுகிறது.

புதிய டயரைப் பழக்குதல்

தேய்ந்த டயரை மாற்றிவிட்டால் இடர் முழுவதும் நீங்கியது என்று எண்ணுதல் கூடாது. புதிய டயர் பொருத்திய முதல் நாளில் வழுக்கி விழுவோரும் உண்டு. புதுச்செருப்பு கடிக்கும் என்பர். செருப்பு காலுக்குப் பழக வேண்டும். காலும் செருப்புக்குப் பழக வேண்டும். டயருக்கும் அவ்வாறே. இதற்குரிய காரணங்கள் நான்கு.

முதலாவது, மேற்பரப்பு. டயர் வார்ப்பு அச்சில் வேகவைத்து எடுக்கப்படுகிறது. அச்சின் வழவழப்பு டயரின் மீதும் படிகிறது. அச்சில் ஒட்டாதிருக்கத் தடவப்படும் பொருளின் எச்சமும் சில டயர்களில் இருக்கலாம். சாலையில் உரசி மேல்தோல் சற்றுச் சொரசொரப்பானால்தான் ரப்பர் முழுமையாகப் பற்றும்.

இரண்டாவது, பொருத்துதல். டயரை ரிம்மில் ஏற்றும்போது அதன் விளிம்பில் வழுக்கும் கரைசலைத் தடவுவர். அது உலர்வதற்கு முன் ஓங்கி பிரேக் பிடித்தாலோ, சட்டென்று வேகத்தைக் கூட்டினாலோ ரிம்மிற்குள் டயர் நழுவக்கூடும்.

மூன்றாவது, உட்கட்டமைப்பு. டயரின் உள்ளே நூலிழை அடுக்குகளும் விளிம்பில் எஃகுக் கம்பி வளையமும் உள்ளன. இவை சில முறை சூடேறி ஆறிய பின்பே தத்தம் இடத்தில் முறையாக அமைகின்றன.

நான்காவது, ஓட்டுபவரின் பழக்கம். தட்டையான பழைய டயருக்குப் பழகிய கைகள் வண்டியைச் சாய்க்கச் சற்று மிகுதியான விசை தருகின்றன. வளைந்த புதிய டயரோ சிறு விசைக்கே சாய்கிறது. டயரின் குறையென்று நாம் எண்ணுவது பல வேளைகளில் நம் பழைய பழக்கத்தின் எச்சமே.

பழக்கும் முறை எளியது. முதல் 150 கி.மீ. அளவுக்குப் பொறுமையாக ஓட்ட வேண்டும். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுதல், பிரேக்கை முன்கூட்டியே மென்மையாகப் பிடித்தல், முன்செல்லும் வண்டிக்கு மிகுதியான இடைவெளி விடுதல் ஆகியன இன்றியமையாதவை. தொடக்கத்தில் சிறிது சாய்ந்து, பின்னர்ச் சிறுகச் சிறுகக் கூடுதலாகச் சாய வேண்டும். நேர்ச்சாலையில் எத்தனை கி.மீ. ஓட்டினாலும் பழகுவது டயரின் நடுப்பகுதி மட்டுமே. தோள்பகுதி தரையைத் தொடாதவரை அது புதியதாகவே இருக்கும். அதனால், 150 கி.மீ. நேரே ஓட்டிவிட்டு மலைப்பாதையில் ஆழச் சாய்பவர் பழகாத டயரிலேயே சாய்கிறார். மழையும் மணலும் உள்ள சாலைகளில் இன்னும் கருத்தாக இருத்தல் வேண்டும்.

வழவழப்பைப் போக்குவதாகக் கருதிப் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கொண்டு டயரைத் துடைப்பது தவறு. அவை ரப்பரைக் கெடுக்கும். மினுமினுப்பு ஏற்றும் திரவங்களைத் தரைதொடும் பரப்பில் பூசுவது அதனினும் பெரிய தவறு. சாலையும் பொறுமையும் டயரைப் பழக்கப் போதுமானவை.

டயரைப் படிக்கும் கலை

டயரின் பக்கச்சுவர் ஒரு சிறு நூல்போன்றது. அதில் உள்ள அம்புக்குறி டயர் சுழல வேண்டிய திசையைக் காட்டும். பொருத்தியவுடன் அதைச் சரிபார்க்க வேண்டும். அளவுக்குப் பின் '56பி' என்பதுபோல் ஒரு குறியீடு இருக்கும். 56 என்பது அந்த டயர் 224 கிலோ சுமை தாங்கும் என்பதையும், பி என்பது அது மணிக்கு 150 கி.மீ. வேகம்வரை ஏற்றது என்பதையும் உணர்த்தும். நீள்வட்டத்திற்குள் உள்ள நான்கு இலக்கங்கள் டயர் பிறந்த நாளைக் குறிக்கும். '3523' எனில் 2023ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். 'டி.டபிள்யூ.ஐ.' என்னும் எழுத்துகளோ சிறு முக்கோணமோ உள்ள இடத்திற்கு நேரே, பள்ளத்தின் அடியில் ஒரு சிறு மேடு இருக்கும். சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்து அம்மேட்டின் மட்டத்தை அடைந்தால் டயரின் காலம் முடிந்தது.

காற்றழுத்தத்தை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிய டயரில் காற்று சூடேறி விரிவதால் அளவு மிகுதியாகத் தோன்றும். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை வண்டியின் கையேட்டைப் பார்த்து அறிதல் வேண்டும். பின்னால் ஒருவர் அமரும்போது பின் டயருக்குக் கூடுதல் அழுத்தம் தேவை என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும்.

தேய்ந்தது எங்கே போகிறது?

முன்கூறிய டயரில் 2 மீட்டர் சுற்றளவும் 6 செ.மீ. அகலமும் கொண்ட பரப்பு 5 மி.மீ. தேய்ந்தால், பள்ளங்களைக் கழித்து ஏறத்தாழ அரைக் கிலோ ரப்பர் குறைந்திருக்கும். அது எங்கும் மறைந்துவிடவில்லை. நுண்துகளாகச் சாலையோரத்தில் படிந்து, மழைநீரோடு வாய்க்காலையும் ஆற்றையும் கடலையும் சேர்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் முட்டையிட ஓடைகளுக்குத் திரும்பிய கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் கூட்டமாக மடிந்தன. ஓசோனால் டயர் வெடிக்காதிருக்கச் சேர்க்கப்படும் வேதிப்பொருள், ஓசோனோடு வினைபுரிந்து நஞ்சாக மாறி ஓடைகளில் கலந்ததே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தனர். நம்மைக் காக்கும் பொருளே வேறோர் உயிருக்குப் பகையாகியது. டயரை அளவறிந்து பயன்படுத்துவது நம் பணத்தையும் உயிரையும் மட்டுமன்றி நீர்நிலைகளையும் காப்பதாகும்.

மாணவர்களின் பங்கு

மோட்டார் வாகனச் சட்டப்படி 18 அகவை நிறைந்தவரே கியர் உள்ள இருசக்கர வண்டிக்கு ஓட்டுநர் உரிமம் பெற முடியும். உங்களில் பெரும்பாலோர் இன்று பின்னிருக்கையில் அமர்பவர்களே. ஆயினும், டயரைப் படிக்க உரிமம் தேவையில்லை. மாதம் ஒருமுறை தந்தையின் வண்டியருகே குனிந்து, பள்ளத்தின் ஆழத்தைப் பாருங்கள், வெடிப்புகளைத் தேடுங்கள், நான்கு இலக்கங்களைப் படியுங்கள். டயர் தேய்ந்திருந்தால், "அப்பா, இதை மாற்றும் காலம் வந்துவிட்டது" என்று சொல்லுங்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்னும் விடை வரக்கூடும். அப்போது உள்ளங்கையை விரித்துக் காட்டுங்கள். குடும்பத்தைச் சுமந்து செல்லும் வண்டி தரையைத் தொடுவது அந்த அளவு இடத்தில்தான்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் அல்லது தெருவில் உள்ள மூன்று இருசக்கர வண்டிகளின் டயர்களில் காணப்படும் அளவு, செய்யப்பட்ட வாரம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து அட்டவணை உருவாக்குக.

2. உங்கள் ஊரிலுள்ள பஞ்சர் கடைக்காரரைச் சந்தித்து, டயரின் தேய்வு குறித்து அவர் பயன்படுத்தும் சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருளை எழுதுக.

3. 'பழகுதல்', 'பழக்குதல்' ஆகிய சொற்களின் பொருள் வேறுபாட்டைக் கட்டுரையிலிருந்து சான்று காட்டி விளக்குக.

4. 'சாலையும் பொறுமையும் டயரைப் பழக்கப் போதுமானவை' – இக்கூற்றை மையமாகக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.